கடைசி வீட்டுப் பின்கதவு

— அந்த ஏழாம் நம்பர் சாரை இப்படியா பிடிபிடின்னு பிடிக்கிறது, டெய்லரக்கா? போலீஸ்காரன் நான் பக்கத்துல நிக்கிறேன், அந்த மனுஷன் உங்களைப் பார்த்துல்ல நடுங்குறார்!

— நடுங்கட்டும் தம்பி. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கிப் போடுங்கன்னா, செருப்பை முட்டுக் கொடுத்து வெச்சிருக்கார். அதுவும் ஒத்தைச் செருப்பு!

— ஜோடி எங்கேன்னு கேட்டேன்... அது முன்கதவுக்காம்.

— சிரிக்காதீங்க. பக்கத்துத் தெருவுல ஒரே மாசத்துல மூணு வீட்டுல திருட்டு போயிருக்கு. மூணும் பட்டப்பகல்ல, மூணும் பின்கதவு வழியா. நம்ம தெருவுல நாலு வருஷமா ஒரு குண்டூசி காணாம போகல. ஏன்?

— ஏன்னா ஞாயித்துக்கிழமை காலையில நீங்களும் நானும் வீடு வீடா ஏறி இறங்கி, கதவையெல்லாம் ஆட்டிப் பார்த்து...

— ...இந்தத் தாள்ல டிக் போடுறோம். நாங்க பார்த்துச் சொல்றோம், நீங்க உடனே வர்றீங்க. அவ்வளவுதான் வித்தை.

— நம்ம தெருக் காவல் குழு மீட்டிங்ல பேசுற மாதிரியே பேசுறீங்க! சரி, இருபத்திமூணு வீடு முடிஞ்சுது. இருபத்திநாலு...

— அது என் வீடு. டிக்கைப் போட்டுட்டு உள்ளே வாங்க, டீ குடிக்கலாம்.

— பின்பக்கம் ஒரு எட்டு பார்த்துட்டு...

— என்னத்தைப் பார்க்க? குழுவுக்கே செயலாளர் நான். என் கதவையே சந்தேகப்படுறீங்களா?

— சந்தேகமே இல்லக்கா. தாழ்ப்பாள் இல்லைன்னு நல்லாவே தெரியும்.

— யார் சொன்னது உங்களுக்கு?

— எட்டு மாசமா தெரியும். வாரா வாரம் கண்ணை மூடிக்கிட்டு டிக் போட்டுட்டு இருக்கேன்.

— மரம் ஊறிப்போச்சு, தம்பி. மழைக்கு. தாழ்ப்பாள் பொருந்த மாட்டேங்குது.

— போன மாசம் துரு பிடிச்சுதுன்னீங்க.

— துருவும் பிடிச்சுது.

— அதுக்கு முன்னாடி ஆசாரி ஊர்ல இல்லைன்னீங்க.

— அந்த ஆள் எப்பத்தான் ஊர்ல இருந்தார்?

— அக்கா... நாளையில இருந்து இந்தத் தெரு எனக்கு இல்ல. ஸ்டேஷன் அதேதான், தெருவை மட்டும் மாத்திட்டாங்க.

— என்ன தம்பி, இப்படி திடீர்னு...

— புதுசா ஒரு அம்மா வர்றாங்க. ரொம்பக் கறார். கதவை ஆட்டிப் பார்க்காம டிக் போட மாட்டாங்க. சரியில்லாத வீட்டு நம்பரைத் தெருமுனை போர்டுல எழுதிடுவாங்களாம்.

— அய்யோ! ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு என் வீட்டு நம்பரா? ஏழாம் நம்பர் சார் செருப்பைக் கழட்டிக் காட்டுவார்!

— அது கிடக்கட்டும். நிஜமாவே திருடன் உள்ளே வந்துட்டா? தனியா இருக்கீங்க. வாங்க, பின்பக்கம் போவோம்... இதோ பாருங்க, துரு ஏதுக்கா? தாழ்ப்பாளையே காணோம். திருப்புளி வெச்சு ஆணி ஆணியா கழட்டியிருக்கீங்க. ஓட்டை அப்படியே இருக்கு.

— பார்த்தாச்சுல்ல? கதவைச் சாத்துங்க.

— ஆமா, இந்தக் கதவுக்கு என்ன ஆச்சு? முன்னெல்லாம் தொட்டாலே ஊளையிடுமே. இப்போ சத்தமே வரல.

— நீங்க எண்ணெய் விட்டதுல இருந்துதான்.

— நானா?

— வேற யாரு? போன மாசம் ஒரு நாள் பார்த்தா கீல்ல எண்ணெய் வழியுது. என்னைத் திட்ட மனசில்லாம நீங்களே விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்.

— ம்... சரி. அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல இதைச் சொல்லுங்க. யாருக்காகத் தாழ்ப்பாளைக் கழட்டினீங்க?

— உங்களுக்குத் தெரியாதாக்கும்.

— தெரியும். நீங்க வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லுங்களேன். எட்டு மாசமா மரத்து மேல பழி, மழை மேல பழி...

— என் பிள்ளைக்காகத்தான். போதுமா? இதே தெருவுல நாலு வீட்டுல கை வெச்சான், ஜெயிலுக்குப் போனான். மூணு வருஷத்துல பத்து தடவை பார்க்கப் போனேன். ஒரு தடவைகூட முகம் காட்டல. வெளியே வந்து எட்டு மாசம் ஆகுது. என்னைக்காவது வீட்டுக்கு வந்துதானே ஆகணும்?

— முன்வாசல் வழியா வரலாமே.

— எப்படி வருவான்? எதிர்வீட்டு ஜன்னல்ல ஒரு கண்ணு, மாடியில ஒரு கண்ணு, முனைக் கடையில ஒரு கண்ணு. தலையைக் காட்டின ரெண்டாவது நிமிஷம் உங்களுக்கு போன் வந்துடும். அத்தனை கண்ணையும் வெச்சது யாரு?

— நீங்கதான்.

— நான்தான். தெருவையெல்லாம் காப்பாத்தினேன், பெத்த பிள்ளைக்கு மட்டும் வழி இல்லாம பண்ணிட்டேன். அதான் பின்கதவு. இருபத்தஞ்சு முடிஞ்சிடுச்சு அவனுக்கு. மீசை வெச்சிருக்கானா, எடுத்துட்டானா... அதைக்கூட யார்கிட்டயும் கேட்க முடியல, தம்பி. யார் சட்டையை வெட்டினாலும் கை அவன் அளவுக்குத்தான் போகுது. அது பழைய அளவு. இப்போ தோள் அகலமாயிருக்கும்...

— ஆயிருக்கு.

— ...என்ன?

— தோள் அகலமாயிருக்கு. மீசையும் இருக்கு. நல்லாவே இல்ல. எடுத்துடுடான்னா கேட்க மாட்டேங்கிறான்.

— தம்பி!

— மாசாமாசம் ஒண்ணாம் தேதி ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போறான். மோட்டார் பட்டறையில வேலை. பட்டறைக்காரர் நல்ல மாதிரியா சொல்றார். போன மாசம் வந்தப்ப கையெல்லாம் எண்ணெய். கேட்டா, "அம்மா வீட்டுக் கீல் ரொம்பக் கத்துச்சு சார், விட்டுட்டு வர்றேன்"னான்.

— வந்தானா? இங்கேயா? என் பிள்ளையா?

— மத்தியானம். உள்ளே உங்க மெஷின் ஓடிட்டு இருந்துதாம். கதவுக்கு வெளியே நின்னு அதையே கேட்டுட்டு இருந்தானாம். மெஷின் நின்னதும் போயிட்டானாம்.

— நூல் அறுந்திருக்கும்... நூல் அறுந்ததுக்கா போயிட்டான்? கோத்துட்டு மறுபடியும் ஓட்டியிருப்பேனே! இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கக் கூடாதா...

— அழாதீங்கக்கா.

— தெரிஞ்சுக்கிட்டே எட்டு மாசம் வாயைத் திறக்கலையே நீங்க! டிக் மட்டும் போட்டீங்க, டிக்!

— சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். அம்மா முகத்துல முழிக்க வெட்கமா இருக்குன்னான். போற நேரத்துல மீறிட்டேன்.

— வெட்கம் மட்டும்தானா? கோபம்... யார் மேலயாவது கோபம் இருக்கா அவனுக்கு?

— இருக்கு. என் மேல.

— உங்க மேல எதுக்கு?

— யார் சார் என்னைக் காட்டிக் கொடுத்ததுன்னு கேட்டான். ரோந்து வந்தப்ப நானே கண்ணால பார்த்தேன்டான்னு சொல்லிட்டேன்.

— அது பொய்யாச்சே...

— பொய்தான். நம்ம முதல் மீட்டிங்ல ஒரு பெட்டி வெச்சோம், ஞாபகம் இருக்கா? பேர் போடாம எழுதிப் போடலாம்னு. அதுல ஒரு சீட்டு கிடந்துச்சு. "அடுத்த தடவை யாரையாவது அடிச்சுடுவான், அதுக்கு முன்னாடி பிடிச்சுடுங்க"ன்னு ரெண்டே வரி. கீழே உங்க பையன் பேரு. அதை நான் ஃபைல்ல சேர்க்கல. நாலு வருஷமா என் பர்ஸ்லதான் இருக்கு.

— ...யார் எழுதினதாம்?

— பேர் இல்லையே. ஓரம் மட்டும் பல்லுப் பல்லா இருக்கு. துணி ஓரம் நூல் பிரியாம வெட்டுவாங்களே, அந்தக் கத்தரியால வெட்டின தாள்.

— அந்தக் கத்தரி... எத்தனையோ பேர்கிட்ட இருக்கும்.

— இருக்கும், இருக்கும். நான் யாரையும் கேட்கலையே. இந்தாங்க, உங்ககிட்டயே குடுத்துட்டுப் போறேன். அடுப்புல போட்டுடுங்க. இதையும் பிடிங்க.

— இது என்ன?

— பூட்டு. கதவுலயே பதிக்கிறது. உள்ளே இருந்தும் திறக்கலாம், வெளியே இருந்தும் திறக்கலாம். சாவி ரெண்டு. ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணை ஒண்ணாம் தேதி அவன் கையில நான் குடுத்துடுறேன். அந்தப் புது அம்மாவும் டிக் போடுவாங்க, திருடனும் வர மாட்டான்.

— வெளியே இருந்தும் திறக்கிறதா... தேடி வாங்கினீங்களா?

— நாலு கடை ஏறி இறங்கினேன். கடைக்காரங்க எல்லாம், "போலீஸ் வீட்டுக்கேவா சார்?"னு சிரிச்சாங்க.

— மாட்டுங்க, தம்பி. திருப்புளி மெஷின் டிராயர்ல இருக்கு.

— அப்பாடா! இன்னைக்குத்தான் மனசாரப் போடுறேன், இந்த இருபத்திநாலுக்கு டிக்... ஏன்க்கா, சீட்டை மறுபடியும் என்கிட்டயே நீட்டுறீங்க? அடுப்புல போடுங்கன்னேனே.

— வேண்டாம். நீங்களே வெச்சுக்குங்க. ஒண்ணாம் தேதி வருவான்ல, முதல்ல இதைக் குடுங்க. அம்மா எழுத்து அவனுக்கு நல்லாத் தெரியும். படிச்சு முடிச்ச பிறகும் கையை நீட்டினான்னா... அப்போ சாவியைக் குடுங்க.