எடின்பரோவுக்கு ஓர் இடம்

நர்ஸுகளிடம் குரலை உயர்த்திப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. அந்தோனியம்மாளும் அதைச் சொல்லியிருப்பாள். இத்தனை வருஷம் கழித்து அவள் உங்களிடம் வந்ததில் எனக்குக் கோபமும் இல்லை, இன்ஸ்பெக்டர் ரவூப். அவள் சொன்ன ஒரு வாக்கியம்தான் உறுத்துகிறது. "என்ன நடக்குதுன்னு டாக்டர் அழகப்பனுக்குப் புரியல." அதைத் திருத்தத்தான் உங்களை உட்காரச் சொன்னேன்.

எனக்குப் புரிந்தது.

நான் பட்டாளத்து டாக்டராக இருந்தவன். மலாயாவின் அவசரகாலத்தில், கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த பஹாங் காடுகளில், ஒழுகும் கூடாரத்தில், குண்டடி பட்டவர்களைத் தைத்தேன். ஒரு கூர்க்கா சிப்பாய்க்குக் கழுத்துக்குள் ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை நெரித்தது. கத்தரிக்கோலால் கழுத்தைத் திறந்து ரத்தத்தை வெளியே விட்டேன். பிழைத்துக்கொண்டான்.

சேவை முடிந்து, சர்ஜன் ஆகும் எண்ணத்தோடு சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வெள்ளைக்காரத் தலைமை சர்ஜன் எல்லோர் முன்னாலும் சிரித்தார். பட்டாளத்து டாக்டர்களுக்குக் கொப்புளம் கீறத்தான் தெரியும் என்றார். சூசைநாதனுக்கு என்னை உதவியாளன் ஆக்கினார். நான் அட்டைக்கடி பட்டுக்கொண்டிருந்த வருஷங்களில் மெத்தையில் படுத்துப் பாடம் படித்தவன் அவன். என்னைவிட இளையவன்.

நல்லவன் என்பார்கள். என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். புத்தகங்களை இரவல் தருவான். எனக்காகத் தலைமை சர்ஜனிடம் பரிந்து பேசினான். பரிந்து பேசும் இடத்தில் அவனும், பேசப்படும் இடத்தில் நானும். அதை மன்னிப்பது எளிதல்ல.

ஐம்பத்தெட்டில் எடின்பரோவில் மேல்படிப்புக்கு ஒருவரை அனுப்புவதாக இருந்தது. சூசைநாதன் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அப்போதுதான் சந்திரமதி வந்தாள்.

சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. கழுத்தில் கழலை. ஆபரேஷனுக்கு முன்னால் என்னிடம், "டாக்டர், பாடம் நடத்த குரல் இருக்கும்ல? என் பிள்ளைங்க ரொம்பச் சத்தம் போடுவாங்க" என்று கேட்டாள். "இருக்கும்மா" என்றேன். மரியாதையான பெண்.

கழலையை வெட்டியவன் சூசைநாதன். ரத்தக் குழாய்களைக் கட்டுவதில் நான் கைகொடுத்தேன். மூடுவதற்கு முன் அவன் நிமிர்ந்து, "அண்ணே, நீங்க போட்ட மேல் முடிச்சு இறுக்கம்தானே?" என்றான்.

"இறுக்கம்தான்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி லா" என்று தைத்து மூடினான்.

சாயங்காலம், சொந்தக்காரர்கள் தூக்குச்சட்டியோடு வரும் நேரம், அந்தோனியம்மாள் என்னிடம் ஓடிவந்தாள். "டாக்டர், அவங்க கழுத்து வீங்குது. மூச்சு விடச் சிரமப்படுறாங்க. சூசைநாதன் டாக்டர் தியேட்டர்ல இருக்காரு."

போய்ப் பார்த்தேன். பஹாங்கில் பார்த்த அதே கழுத்து. தையலைப் பிரிக்கும் கத்தரிக்கோல் கட்டிலருகே தட்டில் இருந்தது. இத்தகைய நோயாளிக்கு அதை எப்போதும் பக்கத்தில் வைத்திருப்போம்.

"வலிதான். ஐஸ் கொண்டு வாம்மா" என்று நர்ஸை அனுப்பினேன். அவள் போனதும் திரையை இழுத்து மூடினேன்.

சந்திரமதியால் பேச முடியவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு என் மேல் நம்பிக்கை இருந்தது. நான் கையை உதறவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிடி தானாகத் தளரும்வரை நின்றேன். அதன் பிறகுதான் கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரித்தேன். ஐஸோடு வந்த அந்தோனியம்மாள் பார்த்தது அதைத்தான். தாமதமாகப் புரிந்துகொண்ட டாக்டர் என்று நினைத்துவிட்டாள்.

வெளியே அவள் கணவன் பாலகிருஷ்ணன் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தான். "எப்படி இருக்கா டாக்டர்?" என்று எழுந்தான்.

"ஆபரேஷன் செய்தவர் டாக்டர் சூசைநாதன். அவரைக் கேளுங்கள்" என்றேன்.

விசாரணையில் குழாய்முடிச்சு அவிழ்ந்திருந்தது தெரிந்தது. அது யார் போட்டது என்று சூசைநாதன் சொல்லவில்லை. "என் தியேட்டர், என் பொறுப்பு" என்றான். அன்றைக்கும் அவனுக்கு என்னைவிட உயர்ந்து நிற்க வேண்டியிருந்தது. அவனைச் சுவா சூ காங் பக்கம் ஒரு கிராமத்துக் கிளினிக்குக்கு மாற்றினார்கள். அங்கே ஊசி போடுகிறான் என்று கேள்வி. எடின்பரோவுக்கு நான் போனேன்.

இன்று இந்தத் தீவில் கழலை என்றால் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். அப்படிப்பட்டவனுக்கு ஒரு கழுத்தைப் பார்த்துப் புரியவில்லை என்று உங்கள் கோப்பில் இருக்கக் கூடாது. முடிச்சு கை தவறி அவிழவில்லை. அவிழும்படிதான் போட்டேன். அப்படிப் போட எவ்வளவு தேர்ச்சி வேண்டும் என்று ஒரு சர்ஜனைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் எழுதுங்கள். என் நோயாளி ஒருவரையும் நான் இதுவரை சாகவிட்டதில்லை. சந்திரமதி சூசைநாதனின் நோயாளி.