பெஞ்சில் காத்திருப்பவர்களிடம் யார் சொல்வது?

மேடையில் அமர்ந்திருக்கும் ஆயர் அவர்களே, சபையின் மூப்பர்களே, முன்வரிசையில் இருக்கும் டீச்சரின் கணவர் அவர்களே, மகளே, மருமகனே, நம்முடைய நடை டீச்சருக்காக வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து கூடியிருக்கும் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. கல்லூரியில் கணிதம் நடத்தியவன். கரும்பலகையைப் பார்த்துப் பேசித்தான் எனக்குப் பழக்கம். உளறிவிடக் கூடாது என்ற பயத்தில், சொல்ல வேண்டியதை நான்கு குறிப்புகளாக அமைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

1. டீச்சர் ஏன் கடல் கடந்து போனார்.
2. அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் தன்னார்வலராக அவர் பட்ட சங்கடங்கள்.
3. அங்கே அவர் கண்ட சந்தோஷங்கள்.
4. எந்தக் குறையும் இல்லாமல், மனநிறைவோடு அவர் நம்மிடம் விடைபெற்றார் என்பது.

டீச்சர் இருந்திருந்தால், "என்ன சார், அழுறதுக்கும் நம்பர் போட்டுட்டீங்களா?" என்று கேட்டிருப்பார். கேட்க அவர் இல்லையே!

முதல் குறிப்பு. அவர் பிசியோதெரபிஸ்ட். அந்தச் சொல் வாயில் நுழையாதவர்கள் நடை டீச்சர் என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. அவர் ஓய்வு பெற்ற சமயம், மிஷனிலிருந்து வந்த ஒருவர் இதே கூடத்தில் பேசினார். "நோயாளிகளைப் பிழைக்க வைக்கிறோம். எழுந்து நடக்க வைக்க ஆள் இல்லை" என்றார். நாமெல்லாம் கேட்டோம். உச்சுக் கொட்டினோம். காணிக்கை போட்டோம். வீட்டுக்குப் போனோம். டீச்சர் மட்டும் பெட்டி கட்டினார்!

வீட்டில் சும்மா விடுவார்களா? அவருடைய நாத்தனார் கேட்டார். அவரும் இங்கே இருக்கிறார், கோபித்துக்கொள்ளக் கூடாது. "இந்த வயசுல கடல் தாண்டிப் போய் யாருக்கு நடை பழக்கப் போறீங்க அண்ணி? இங்க இருக்கறவங்க எல்லாம் நேராவா நடக்கறாங்க?"

டீச்சர் சொன்னார்: "நேரா நடக்க வைக்கறது ஆயர் வேலை. நான் கால எடுத்து வைக்கச் சொல்லிக் குடுக்கறதோட சரி."

டீச்சரின் கணவர் ஊரிலேயே இருந்துகொண்டார். டீச்சர் போனபோது நானும் போனேன். ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியில் கணக்குச் சொல்லித்தர ஆள் கேட்டார்கள். மனைவி போன பிறகு எனக்கு வீடு பெரிதாகிவிட்டிருந்தது. அதைத் தவிர என்னிடம் வேறு பெரிய காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது, சங்கடங்கள். தன்னார்வ ஊழியம் என்றதும் நம் மனதில் ஒரு படம் வருகிறது, இல்லையா? இறங்கியதும் நோயாளிகள் கை நீட்டுவார்கள், நாம் பிடித்துக்கொள்வோம். நடந்தது என்ன? அந்த நாட்டு அரசாங்கத்தின் அனுமதி வரும்வரை டீச்சர் ஒரு நோயாளியையும் தொடக் கூடாது என்றார்கள். அனுமதி மழைக்காலம் முடிந்தும் வரவில்லை. அதுவரை துணி கிழித்துக் கட்டுப்போடும் பட்டைகள் சுற்றினார். பார்வையிட வரும் விருந்தினர்களுக்கு வார்டுகளைச் சுற்றிக் காட்டினார். "காலைத் தொட வந்தேன் சார், கைடு ஆயிட்டேன்" என்பார்.

அனுமதி வந்தது. அடுத்த சங்கடம் வந்தது. புறநோயாளிகள் முதலில் பிரசங்கம் கேட்க வேண்டும், அதன் பிறகுதான் சிகிச்சை என்பது ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரின் ஒழுங்கு. அவர் நல்லவர், ஆனால் நீளமாகப் பேசுவார். டீச்சர் ஒருநாள் எழுந்து நின்றே கேட்டுவிட்டார். "வலியோட உக்காந்திருக்கறவங்களுக்கு என்னங்க ஐயா காதுல விழும்?" இருவரும் பல நாட்கள் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நான் தூது. தூது போகிறவன் என்னைப் போலக் கோழையாக இருந்தால் செய்தி எப்படிப் போய்ச் சேரும்! "டீச்சர் வணக்கம் சொல்லச் சொன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். கடைசியில் பிரசங்கம் சிகிச்சைக்குப் பின்னால் போனது. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை.

ஊன்றுகோல்களின் அடியில் மாட்டும் ரப்பர் தேய்ந்து, ஈரத் தரையில் நோயாளிகள் வழுக்கினார்கள். டீச்சர் நம் சபைக்குச் சொல்லியனுப்பினார். காத்திருந்து, காத்திருந்து, ஒரு பெரிய பெட்டி வந்தது. ஆவலோடு உடைத்தோம். உள்ளே ரப்பர் இல்லை. தமிழ்ப் பாட்டுப் புத்தகங்கள்! தமிழ் எழுத்தை அடையாளம் காணக்கூட ஆளில்லாத ஊருக்கு! நாம் அன்போடுதான் அனுப்பினோம், மறுக்கவில்லை. அன்று டீச்சர் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எதுக்கு சார் வந்தோம்?" என்று கேட்டார்.  

மூன்றாவது, சந்தோஷங்கள். அதே பாட்டுப் புத்தகங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். டீச்சர் அவற்றை அடுக்கி, கயிற்றால் இறுக்கி, தார்ப்பாய் சுற்றித் தைத்தார். நோயாளிகள் ஏறி இறங்கிப் பழக ஒரு படி தயாராகிவிட்டது. நான் பதறினேன்.

"டீச்சர், பாட்டுப் புத்தகத்து மேல கால் வைக்கலாமா?"

"பாடத்தான் யாருக்கும் தெரியல. ஏறவாவது செய்யட்டும் சார்."

ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் கூரையிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர். இனி நடக்க மாட்டோம் என்று சுவரைப் பார்த்தே படுத்திருந்தவர். அவர்தான் அந்தப் படியில் முதலில் ஏறினார். ஏறி நின்றதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கத்தினார். அவருடைய கடையின் கூரை தெரிந்ததாம்! வார்டு முழுவதும் கை தட்டியது. டீச்சர் சிரித்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு அவர் "எதுக்கு வந்தோம்" என்று கேட்கவில்லை.

இன்னொன்று. நாம் ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போறேன்" என்று சொல்வோமா? வாய் வருமா? "போயிட்டு வரேன்" என்றுதானே சொல்வோம்! டீச்சர் அதை அப்படியே சொல்லுக்குச் சொல் அந்த ஊர் மொழியில் பெயர்த்து, ஒவ்வொரு கட்டிலிலும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தார். அவர்களுக்கு அது விடைபெறும் சொல் அல்ல, வாக்குறுதி! வருகிறேன் என்றாரே என்று வீடு திரும்பிய நோயாளிகள் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள். டீச்சர் வராமல் போனதும், ரொட்டிக்கடைக்காரர், சலவை செய்யும் ஒரு அம்மா என்று அவரவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்து, டீச்சரின் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். கண்காணிப்பாளர் கோபித்துக்கொண்டார். "வேற மாதிரி சொல்லிப் பாருங்களேன் டீச்சர்" என்றேன்.

"போறேன்னு சொல்ல எனக்கு வாய் வரல சார். சொன்னபடி போயிட்டு வந்துட்டாப் போச்சு."

அப்படியே செய்தார்! காலையில் பெஞ்சில் இருப்பவர்கள். மாலையில் வீடு வீடாக. நோயாளியின் வீட்டுக்கே போய் நடை பழக்கும் வழக்கம் அந்த ஆஸ்பத்திரியில் அப்படித்தான் வந்தது. யாரும் திட்டமிடவில்லை. ஒரு தவறான மொழிபெயர்ப்பு ஊழியமாகிவிட்டது.

நான்காவது குறிப்புக்கு வருகிறேன். நான் ஊர் திரும்பிய பிறகும் டீச்சர் அங்கேயே இருந்தார். ஈராண்டுக்கு முன்பு, அவர் கணவருக்குப் பக்கவாதம் என்று செய்தி போனது. சில மாத விடுப்பில் கிளம்பினார். பெஞ்சில் இருந்தவர்களிடம் வழக்கமான அதே வார்த்தையைத்தான் சொன்னாராம். வேறு எதைச் சொல்வார்? கணவரை நடக்க வைத்தார். அதற்குள் அவருக்கே நோய் வந்தது.

கடைசி வாரங்களில் தினமும் பார்க்கப் போவேன். அவர் பேச்சு ஒன்றே ஒன்றுதான்.

"இந்நேரம் பெஞ்சுல யாரு இருப்பாங்க சார்?"

"ரொட்டிக்கடைக்காரர் ஓரத்துல இருப்பாரு."

"ஆமா, காலை நீட்டணும் அவருக்கு. சலவைக்காரம்மா?"

"அவங்க லேட்டாத்தான் வருவாங்க."

"லேட்டா வந்துட்டு, தள்ளி உக்காருன்னு எல்லாரையும் அதட்டுவாங்க." சொல்லிவிட்டுச் சிரிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். அந்தச் சிரிப்பைப் பார்த்த தைரியத்தில்தான் நான் இந்த நான்காவது குறிப்பை...

டீச்சரின் கணவர் எழுந்து நிற்கிறார். உட்காருங்கள் ஐயா. இல்லை, அவர் ஏதோ சொல்ல வேண்டும் என்கிறார். சொல்லுங்கள்.

பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் திருப்பிச் சொல்லட்டுமா ஐயா? தலையசைக்கிறார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"நிறைவாப் போனான்னு சொல்லாதீங்க சார். தினமும் என்னைய மாடிப்படி ஏறச் சொல்லித் திட்டுவா. 'ஒழுங்கா ஏறுங்க, நீங்க தனியா ஏறிட்டா நான் கிளம்பணும், அங்க உக்காந்திருப்பாங்க'ன்னு சொல்வா. எனக்கு ஏற முடிஞ்சுது சார். அவ போயிடுவாளேன்னு வேணும்னேதான் மெதுவா ஏறினேன்."

மன்னியுங்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ஐயா, நீங்கள் மெதுவாக ஏறியதற்காக இந்தக் கூடத்தில் யார் உங்களைக் குறை சொல்ல முடியும்? போகவிட மனம் வந்தவர் இங்கே யார்?

அன்பானவர்களே, ஆஸ்பத்திரியின் இப்போதைய பொறுப்பாளர் நேற்று தொலைபேசியில் பேசினார். இன்றும் காலையில் சிலர் வந்து பெஞ்சில் உட்காருகிறார்களாம். டீச்சர் எப்போது வருவார் என்று கேட்கிறார்களாம். டீச்சர் இனி வரமாட்டார் என்பதைப் பொறுப்பாளர் இன்னும் சொல்லவில்லை. யாராவது வந்து சொன்னால் நல்லது என்றார். யார் சொல்வது? ரொட்டிக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்து அதை யார் சொல்வது?

நடை பழக்கத் தெரிந்த ஒருவரை அனுப்ப இந்தச் சபை பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெட்டி அனுப்பினால், தயவுசெய்து ரப்பர் அனுப்புங்கள். பெஞ்சில் இருப்பவர்களிடம் சொல்லும் வேலையை நான் ஏற்கிறேன். அந்த மொழி எனக்குத் தெரியும், துணிச்சல்தான் இல்லை.

ஐயா மறுபடியும் ஏதோ சொல்கிறார். "நானும் வரேன் சார். அவ அப்படி எதைப் பாத்தான்னு நானும் பாக்கணும்" என்கிறார். சரி. ஒருவருக்குத் தைரியம் போதாது, மற்றவருக்கு வலது கால் போதாது. இரண்டு பேருமாகச் சேர்ந்து போகிறோம். இது இந்தச் சபையின் முன்னால் நாங்கள் கொடுக்கும் வாக்கு.

முடிக்கும் முன் ஒரு திருத்தம். என் நான்காவது குறிப்பு தவறு. டீச்சர் மனநிறைவோடு போகவில்லை. கிளம்ப வேண்டும், கிளம்ப வேண்டும் என்ற தவிப்போடுதான் போனார். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்ததை நான் நிறைவு என்று நினைத்துவிட்டேன். அது ஏக்கம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.