பதிவேட்டில் இல்லாத மயில்

என் பெயர் ரெங்கராஜ், வயது 46, தகப்பனார் பெயர் சிவசாமி. மணமேல்குடி வட்டம், ஆலங்கொல்லை கிராமம், கீழத்தெருவில் குடியிருக்கிறேன். எங்கள் ஊர் எல்லையில் உள்ள காற்றாலை நிறுவனத்தில் பதினான்கு மாதமாகக் காவலாளி வேலை பார்த்து வருகிறேன். மயிலைக் கொன்று சாக்கில் எடுத்து வந்ததாக இன்று என்னைப் பிடித்து வந்தது பற்றி வனச்சரக அலுவலர் அய்யா விசாரித்ததில் நான் சொல்வதாவது.

எனக்கு மயில் மேல் பாசம் ஒன்றும் கிடையாது. எனக்கு ஒரு ஏக்கர் கொல்லை உள்ளது. விதைத்த கடலையை மயில் கிளறித் தின்றுவிடும். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறேன். ஆனால் ஒன்றைக்கூடக் கொன்றதில்லை.

காற்றாலையின் மின்கம்பி வயல்களுக்கு மேலே போகிறது. கம்பத்தில் உட்காரும் மயில் இறக்கையை விரித்து இரண்டு கம்பியிலும் பட்டால் கருகி விழும். அப்படிப் பறவை செத்தால் பதிவேட்டில் எழுதி வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், கம்பிக்கு உறை போடும்வரை காற்றாலையை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்குக் கொடுத்த அனுமதியில் உள்ள நிபந்தனை. முதல் மயில் விழுந்து நான் எழுதப் போனபோது சைட் இன்ஜினியர் கோபிநாத், “இல்லைன்னு எழுதிட்டு அங்கிட்டு எங்கயாச்சும் பொதைச்சிருங்கண்ணே. மிஷினை நிறுத்துனா ஒங்க வேலையும் போயிரும்” என்றார். அதன் பிறகு தினமும் “பறவை இறப்பு இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செத்தவற்றை மூன்றாவது காற்றாலைக்குப் பின்னால் உடைமரத்தடியில் புதைத்தேன்.

இன்று காலை ஏழரை மணி சுமாருக்கு ஒரு மயில் எரிந்துகொண்டே வந்து அழகி என்பவரின் வைக்கோல் போரில் விழுந்தது. அழகி கணவர் இல்லாதவர், இரண்டு பசுவை வைத்துப் பிழைக்கிறவர். நானும் அவரும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் போர் மிஞ்சவில்லை. பக்கத்தில் கட்டியிருந்த பசுவை அவிழ்ப்பதற்குள் அதன் முதுகு வெந்துவிட்டது.

அதன் பிறகு பத்து மணிக்குக் கோபிநாத் டைப் செய்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து கையெழுத்துப் போடச் சொன்னார். அழகி விஷம் வைத்து மயிலைக் கொன்று, அதை எரிக்கும்போது போரில் தீப்பிடித்ததை நான் நேரில் பார்த்ததாக அதில் இருந்தது. பசுவின் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அழகி, “என்னண்ணே எழுதியிருக்கு?” என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு மயிலைச் சாக்கில் போட்டு, இந்த அலுவலகத்தில் ஒப்படைக்க வண்டியில் கிளம்பினேன். அதற்குள் யாரோ போன் செய்துவிட்டதால், அலுவலக வாசலுக்கு நூறடி தூரத்தில் வனக்காவலர்கள் என்னை மடக்கினார்கள்.

நிறுவனத்தார் கொண்டுவந்து கொடுத்த பதிவேட்டை அய்யா காட்டி, “பதினாலு மாசமா ஒரு பறவையும் சாகலைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அப்ப இது எப்படிச் செத்துச்சு?” என்று கேட்டார். கையெழுத்து என்னுடையதுதான். சட்டைப்பையில் இருந்த கோபிநாத்தின் தாளை எடுத்து அய்யாவிடம் கொடுத்தேன்.

கால்நடை மருத்துவரை வைத்து மயிலை அறுத்துப் பார்க்க வேண்டுகிறேன். வயிற்றில் விஷம் இருக்காது, இறக்கையிலும் காலிலும் மின்சாரம் பாய்ந்த தீக்காயம் இருக்கும். அதோடு உடைமரத்தடியையும் தோண்ட வேண்டும். இருபத்திரண்டு மயில், இரண்டு பருந்து. இடத்தை நான் காட்டுகிறேன். அவர்கள் தோண்டி எடுப்பதற்குள் இப்போதே கிளம்ப வேண்டும், நிறுவனத்தாரிடம் ஜே.சி.பி. இருக்கிறது.

முதல் மயிலை நான் எழுதியிருந்தால் மற்றவை செத்திருக்காது, அழகியின் போரும் எரிந்திருக்காது.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. பதிவேட்டில் உள்ள கையெழுத்தையும் இதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், இரண்டும் என் கைதான். அங்கே எழுதிய பொய்க்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
சி. ரெங்கராஜ்
11.02.2025, பிற்பகல் 1.40