மூஞ்சிப் பாடம்

மணிமேகலை: அது இருக்கட்டும், அடுத்தது சொல்லு. லாங் ஃபேஸ்?

அஃப்ஸானா: ஏய், நாந்தான்டி உன்னக் கேக்கணும். இன்னிக்கு வர்ற வெள்ளக்காரங்களுக்குக் கம்பெனி லைனச் சுத்திக் காட்டப் போறது நீயா நானா?

மணிமேகலை: எனக்குத்தான் வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுக் கெடக்குதே. மத்தூர் புள்ளைங்க வேற பஸ் ஏறுனதுல இருந்து திரும்பித் திரும்பிப் பாக்குறாளுங்க. நீ சொல்லு, சரியான்னு நான் பாக்குறேன்.

அஃப்ஸானா: லாங் ஃபேஸ்னா... மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிறது. போன தடவ வந்த வெள்ளக்காரரு நம்ம ஜெயப்ரியாவப் பாத்து 'வொய் த லாங் ஃபேஸ்'னு கேட்டாரே...

மணிமேகலை: அவ 'தேங்க் யூ சார்'னா!

அஃப்ஸானா: அதனாலதான் கம்பெனில இந்த மூஞ்சிப் பாடமே வெச்சாங்க. ஏய், சிரிக்காத, கண்ணுல தண்ணி வருது பாரு.

மணிமேகலை: சிரிக்கலன்னாலும் வருது. இந்தக் கண்ணு மூடவே மாட்டேங்குது. பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டுத்தான் தூங்குறேன்.

அஃப்ஸானா: டாக்டர் இன்னாதான் சொல்றாரு?

மணிமேகலை: முகவாதமாம். தானா சரியாயிருமாம்... மாசம் ஆவலாம்னாரு. விசிட்டு இன்னிக்கில்ல இருக்கு? வுடு. அடுத்தது?

அஃப்ஸானா: ஸ்ட்ரெய்ட் ஃபேஸ். சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கிட்டு... மணி, சூளகிரி தாண்டிருச்சுடி. ஸ்கார்ஃப எறக்கிட்டு ஒரு தடவ நீயே சொல்லேன். 'வெல்கம் டு அவர் ப்ளான்ட்.'

மணிமேகலை: வெல்கங் டு அவர்... ஃப்... ஃப்ளா... பாத்தியா? காத்துதான் வருது. எச்சில் வேற ஒழுவுது.

அஃப்ஸானா: மெதுவாச் சொன்னா வரும்டி.

மணிமேகலை: உங்கிட்ட கொழகொழன்னு பேசுனா பரவால்ல, அவங்ககிட்ட முடியுமா? நேத்து கேட்ல அட்டெண்டன்ஸ் மெஷினே என் மூஞ்சியத் தெரியலன்னுடுச்சு. எப்டி எப்டியோ நின்னு பாத்தேன், செவப்பு லைட்டுதான். செக்யூரிட்டி மாதப்பண்ணன் கையால எழுதி உள்ள வுட்டாரு. எவ்ளோ அவமானம் தெரியுமா?

அஃப்ஸானா: இத்தன வருசம் கான்ட்ராக்ட்லயே கெடந்தியே... இன்னிக்கு நல்லாப் பேசுனா பெர்மனென்ட்னு எச்.ஆர். சத்யப்ரியா மேடமே சொன்னாங்கல்ல?

மணிமேகலை: பேசறவங்களுக்குன்னு சொன்னாங்க. எம்பேரு போட்டா சொன்னாங்க? நீ ஏன் ஜன்னலயே பாத்துக்கிட்டு வர்ற?

அஃப்ஸானா: ஒண்ணுமில்ல... காத்து.

மணிமேகலை: எக் ஆன் த ஃபேஸ்?

அஃப்ஸானா: மூஞ்சில கரி பூசிக்கிறது.

மணிமேகலை: போக்கர் ஃபேஸ்?

அஃப்ஸானா: மனசுல இருக்கறத மூஞ்சில காட்டிக்காம...

மணிமேகலை: ம். ஃபேஸ் த மியூசிக்?

அஃப்ஸானா: செஞ்சதுக்கு நின்னு வாங்கிக் கட்டிக்கிறது. போதும்டி, தல வலிக்குது.

மணிமேகலை: ஒண்ண வுட்டுட்ட.

அஃப்ஸானா: எத?

மணிமேகலை: உனக்கே தெரியும். மேடம் போர்டுல மொதல்ல எழுதுனது.

அஃப்ஸானா: ...டூ ஃபேஸ்டு.

மணிமேகலை: அர்த்தம்?

அஃப்ஸானா: வேணாம் மணி.

மணிமேகலை: அட, சொல்லேன். அதுல இன்னா இருக்கு?

அஃப்ஸானா: முன்னாடி ஒரு மூஞ்சி... பின்னாடி ஒரு மூஞ்சி... மணி, அல்லா மேல ஆணையா நானாப் போயிக் கேக்கலடி! நேத்து சாயந்திரம் மேடந்தான் கூப்பிட்டு, மணிக்கு பதிலா நீ பேசுன்னாங்க. வேணாம்னு சொல்லிருக்கணும். வாய் 'யெஸ் மேடம்'னுடுச்சு. ராவெல்லாம் தூக்கமில்ல. பஸ் ஏறுனதுல இருந்து சொல்லலாம், சொல்லலாம்னு... ரெண்டு அடி வேணா அடி. ஏய், எழுந்து எங்க போற?

மணிமேகலை: கேட் வந்துருச்சு, எறங்க வேணாமா? ...நீ யோசிக்கவே இல்லயாமே? கேட்டதும் சரின்னுட்டியாம்.

அஃப்ஸானா: உனக்கு... உனக்கு யாரு சொன்னா?

மணிமேகலை: மேடந்தான், ராத்திரி போன்ல. அவங்ககிட்ட உம்பேரச் சொன்னதே நாந்தான்டி. நேத்து மத்தியானம் ஸ்கார்ஃப எறக்கி இந்த மூஞ்சியக் காட்டிட்டு, அஃப்ஸானாவக் கூப்பிடுங்கன்னேன். மனசாரச் சொன்னேன்னு நெனச்சிக்காத, வயிறு எரியுது. இருந்தாலும் அந்த 'தேங்க் யூ சார்'காரிக்குப் போறதுக்கு நீ தேவல. அதான் வழியெல்லாம் உன்னயே சொல்ல வெச்சேன்... ச்சீ, அழுவாத. மூஞ்சி வீங்குனா அப்பறம் உன்னயும் மெஷினு உள்ள வுடாது. மூக்கத் தொடச்சிக்க. எனக்கு வராத அந்த 'ப்ளான்ட்'ட மட்டும் வாய் நெறயச் சொல்லு, எஞ்செவில வுழுவட்டும்.