கிழியாத டேப்

— போஸ்டர் பார்த்தேன் சார். ஏழு விமானம் சுட்டதாப் போட்டிருக்கு. போன தேர்தல்ல நாலுதானே? சண்டை முடிஞ்சு முப்பது வருஷமாச்சு. மிச்ச மூணை எப்பப் போய்ச் சுட்டீங்க?

— அதெல்லாம் கட்சி ஆபீஸ்ல ஏத்துறது, ஃபிட்டரண்ணே. அமைச்சர் ஆனப்புறம் நான் எதையும் எண்ணுறதில்ல. உக்காருங்க.

— நின்னுக்கிறேன் சார். சண்டைக்குப் போலாமா வேணாமான்னு நாளைக்குச் சபையில ஓட்டெடுப்பு. நீங்க வேணாம்னு கை தூக்கணும். நீங்க தூக்கினா பாதிப் பேர் பின்னாடியே தூக்குவான்.

— தூக்கலேன்னா?

— என் பொண்ணு இப்பச் சண்டை விமானம் ஓட்டுறா சார். ஒத்தப் பொண்ணு. தூக்கலேன்னா டேப் விஷயம் பத்திரிகைக்குப் போகும்.

— எந்த டேப்?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க சார். உங்க விமானத்துல இருந்த எட்டுத் துப்பாக்கி வாயிலயும் தூசி போகாம நான் ஒட்டுவேனே, அது. சுட்டாக் கிழியும். உங்களுக்குப் பதக்கம் வாங்கிக் குடுத்த அந்தச் சண்டை அன்னிக்கு இறங்கி வந்தப்ப எட்டும் ஒட்டினபடி இருந்துச்சு. நீங்க உள்ள நடுங்கிட்டு உக்காந்திருந்தீங்க. சின்னப் புள்ள, பயந்துட்டான், மானம் போயிடுமேன்னு, ஆள் வர்றதுக்குள்ள நான்தான் விரலை விட்டுக் கிழிச்சேன். குண்டையும் உருவி ஒளிச்சு வெச்சேன்.

— பயம் இல்ல அண்ணே. சுடச் சொன்ன விமானத்துப் பக்கத்துல போனேன். ஜன்னல் தெரிஞ்சுது. ஒரு பொம்பளை கைக்குழந்தையத் தூக்கித் தூக்கிக் காட்டினா, இது ராணுவ விமானம் இல்ல, பாருன்னு. விட்டுட்டேன். மேகத்துக்குள்ள போயிடுச்சு.

— அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

— சொல்லத்தான் இறங்கினேன். உத்தரவை மீறிட்டேன், என்ன வேணா பண்ணுங்கன்னு. நீங்க கிழிச்சதைப் பார்த்துட்டு என்னைத் தோள்ல தூக்கிட்டாங்க. தோள் மேல ஏறினதும் எனக்கும் உண்மையைச் சொல்ல வாய் வரல.

— நல்லதுன்னு நெனச்சுத்தான் சார் பண்ணேன்.

— தெரியும். நான் பண்ணினது ஒரே ஒரு நல்ல காரியம். அது நடக்கவே இல்லன்னு ஆச்சு. முப்பது வருஷமா மாலை போடுறவன் எல்லாம் கொன்னதுக்குத்தான் போடுறான். பத்திரிகையில சொல்லுங்க. நானே ஆள் அனுப்புறேன்.

— வேணாம் சார். மிரட்டினதை மறந்துடுங்க. அந்தக் கைக்குழந்தையை விட்ட மனுஷன்கிட்டக் கேக்குறேன். நாளைக்குக் கை தூக்குங்க.

— தூக்குறேன்.

— நெசமாவா?

— நெசமாத்தான். ஆனா ஓட்டெடுப்பு ஊருக்குக் காட்டத்தான் அண்ணே. விமானமெல்லாம் இன்னிக்கு விடியக்காலையே குண்டு போடப் போயிட்டு வந்துடுச்சு. உங்க பொண்ணு போனது மட்டும் இன்னும் திரும்பல.