இருபதாவது கேஸ்

இல்லைங்க சார், நர்ஸ் வேலைக்கு இல்ல. நான் வேலைல சேந்தே பதினஞ்சு வருஷம் ஆச்சு. இது அமெரிக்காவுக்கு. நர்சுங்களுக்கும் டாக்டர் பட்டம் இருக்கு சார், சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நம்ம நாட்டுல அந்தப் படிப்பு இன்னும் வரலை. அதான் அங்க ஒரு காலேஜுக்கு எழுதிப் போட்டேன். என்னென்ன வேணும்னு ஏழு பக்கத்துக்குப் பதில் வந்துது.

இந்தக் கட்டு பூராத்துக்கும் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேணுங்க. மெதுவாப் போடுங்க. மொதல்ல எம்.எஸ்ஸி., டெல்லில முடிச்சது. அது இல்லாட்டி உள்ளயே விட மாட்டாங்க. அடுத்தது நர்சுங்களுக்குப் பாடம் எடுத்த சர்வீஸ் சர்டிபிகேட். மூணு வருஷம் கேக்கறாங்க, எனக்கு ஆறு இருக்கு. சேந்தப்பறமும் லேசில்ல. ரெண்டு வருஷம் அங்கயே தங்கிப் படிக்கணும். பரீட்சை எழுதணும். அப்பறம் இதுவரைக்கும் யாரும் செய்யாத ஆராய்ச்சி ஒண்ணு செஞ்சு, அஞ்சு பேர் முன்னாடி உக்காந்து கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லணும். அதுக்கப்பறந்தான் பட்டம். முப்பத்தாறு வயசுல இதெல்லாம் எதுக்குன்னு எங்கண்ணன் அடைக்கலராஜ் கேக்கறாரு. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்கலை. படிக்கறப்பதான் மனசு கொஞ்சம் சும்மா கெடக்கு.

ஆமா சார், எடமலைப்பட்டி புதூர்லேர்ந்துதான் வரேன். அங்க பக்கத்துலயே ஆபீசர் இருக்காரு, தெரியும். ரெண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கம் வந்திருக்கேன்னா காரணம் இருக்கும்ல, சொல்றேன். இன்னும் இது ஒண்ணுதான் பாக்கி.

இது மிட்வைஃப் பயிற்சி நோட்டு. ஐம்பத்தோராம் வருஷத்துது. மொதமொதல்ல படிச்சதுலேர்ந்து எல்லாத்துக்கும் நகல் வேணுமாம். நோட்டு அசல், டைப் அடிச்சிருக்கறது நகல். அப்பல்லாம் பயிற்சி முடியணும்னா இருபது பிரசவம் நம்ம கையால பாத்திருக்கணும். பாத்தா மட்டும் போதாது. தாயை அப்பறம் பத்து நாள் போய்ப் பாத்து ஜுரம், நாடி எழுதணும். பத்து நாளும் ரொம்பினாத்தான் அது ஒரு கேஸ். பத்தொம்பது ஒழுங்கா முடிஞ்சுது. இருபதாவது அம்மா திருவானைக்காவல்ல. வீட்டுலயே பிரசவம். பொம்பளப் புள்ள, அஞ்சே முக்கால் பவுண்டு. அதை நெசமாவே நிறுத்துதான் எழுதினேன்.

அஞ்சாம் நாள் வரைக்கும் தவறாமப் போனேன். நல்லாத்தான் இருந்தாங்க. ஆறாம் நாளு திங்கக்கெழமை. அன்னைக்குக் காலைல நோட்டை ஒப்படைக்கணும், செவ்வாயும் புதனும் பரீட்சை. அஞ்சு நாள் காலியா இருந்தா நோட்டை வாங்க மாட்டாங்க, இன்னும் ஆறு மாசம் காத்துக் கெடக்கணும். கட்டம் ரொம்பியிருக்கான்னுதான் பாப்பாங்க, தேதி இன்னும் வரலையேன்னு யாரும் பாக்கறதில்ல. எல்லாரும் பண்றதுதான் சார். ஞாயித்துக்கெழமை ஹாஸ்டல்ல உக்காந்து மிச்ச அஞ்சு நாளையும் நானே ரொப்பிட்டேன். போகக்கூடாதுன்னு இல்ல, பரீட்சை முடிச்சுட்டுப் போய்ப் பாத்துக்கலாம்னு இருந்தேன். எழுதி முடிச்சதும் போய்ப் பாத்துட்டு வந்த மாதிரியே ஆயிடுச்சு மனசுக்கு.

பேரைப் பாத்துட்டீங்களா. ஆமா சார், அமிர்தம். பி.டபிள்யூ.டி. ஓவர்சீர் சின்னையா சம்சாரம்னு எழுதியிருக்கு, அப்ப நீங்க ஓவர்சீர்தானே. நீங்க அப்ப முக்கொம்புல கேம்ப், அதனால என்னை உங்களுக்குத் தெரியாது. வியாழக்கெழமை நான் வந்தப்ப வாசல்ல ஒரே செருப்பாக் கெடந்துது. உள்ள நீங்க உங்கம்மாகிட்ட, நாலாம் நாளே தலைக்கு ஊத்திக் கொன்னுட்டியேன்னு கத்திக்கிட்டிருந்தீங்க. நான் உள்ள வராம படியோட திரும்பிட்டேன். நோட்டு பாசாயி வந்துது.

தண்ணியால இல்ல சார். அது பிரசவ ஜுரம். திங்கக்கெழமை நான் வந்து தர்மாமீட்டர் வச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். பென்சிலின் வந்துட்ட காலந்தான் அது, ஆஸ்பத்திரில போட்டிருப்பாங்க. உங்கம்மா போன வருஷம் தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். கடைசி வரைக்கும் நீங்க அவங்ககிட்ட முகம் குடுத்துப் பேசலைன்னும் சொன்னாங்க. அதைக் கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. அவங்க இருந்தப்பவே வந்திருக்கணும். தைரியம் இல்ல சார் எனக்கு, அவ்வளவுதான்.

போடுங்கன்னு கேக்க வந்தேனா, போடாதீங்கன்னு கேக்க வந்தேனான்னு எனக்கே தெரியலை. போட்டா நான் நிம்மதியாப் படிக்கப் போறதில்ல. போடாட்டா அவங்க ரெண்டு பேரும் எந்திரிச்சு வரப் போறதில்ல. நகல் அசல் மாதிரியே இருக்குன்னுதானே நீங்க கையெழுத்துப் போடறீங்க. அசல் பொய்யா இருந்தாலும் நகல் சரிதான் சார், ஒரு எழுத்து மாறலை. நீங்களே ஒத்துப் பாத்துக்கங்க. இந்தா, எட்டாம் நாள், புதன். தாய் நலம், ஜுரம் இல்லை, பால் நல்லாக் குடுக்கறாங்கன்னு இருக்கு. அவங்களைக் கொள்ளிடக் கரைக்குத் தூக்கிட்டுப் போனீங்களே, அன்னைக்குத்தான்.