சுல்மாவுக்கு ஒரு செம்பழுப்பு

கோடை முடிந்ததும் பெண்களுக்குத் தங்கள் தலைமுடியின் மேல் ஒரு சலிப்பு வந்துவிடும். மெண்டோசா வெயில் அப்படி. இங்கே கோடை முடிகிற மார்ச் மாதத்துக்குள் எந்த முடியும் வைக்கோல் போல வெளிறி, நுனி பிளந்துவிடும். திராட்சை அறுவடை ஓய்ந்து, தெருவோர மரங்களில் இலை பழுக்கத் தொடங்கும்போது என் அழகுநிலையத்தில் நாற்காலி காலியாக இருக்காது. எல்லாரும் கேட்பது ஒன்றுதான். இந்த வருஷம் என்ன பழுப்புப் போடலாம்?

பழுப்பு என்றால் ஒரே நிறம் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். வால்நட் ஓட்டின் பழுப்பு வேறு, கசப்புச் சாக்லேட் வேறு, செம்பு கலந்த பழுப்பு வேறு. மஞ்சள் பூத்த தோலுக்குச் சாம்பல் பழுப்பைப் போட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் மாதிரி இருக்கும். நீங்கள் கருப்புப் போட்டிருக்கிறீர்கள், மேடம். அது முகத்தை இறுக்குகிறது. அரசு வழக்கறிஞருக்கு இறுக்கம் தேவைதான் என்றால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. பொருந்தாத நிறத்தை நான் எந்தப் பெண்ணின் தலையிலும் திணித்ததில்லை. சுல்மாவுக்கு நான் போட்ட செம்பழுப்பும் பொருந்தியது. மற்றதை எழுதுவதற்கு முன்னால் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கை யனினா பிப்ரவரியில் ஒரு பையோடு வந்தாள். தாடை வீங்கியிருந்தது. என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைப் பல வருஷங்களாகக் கேட்டு அலுத்திருந்தேன். கடையின் பின்னறையில் கட்டில் போட்டுக் கொடுத்தேன். வாரம் திரும்புவதற்குள் அவள் கணவன் ராமிரோ வந்துவிட்டான். எதிர்ப்புற மரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். கத்தவில்லை, கதவைத் தட்டவில்லை. எங்கள் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை நான் வெளியே போய், “எதுக்கு இங்க உக்காந்திருக்க?” என்று கேட்டேன். “என் பொண்டாட்டி வெளிய வராமலா போயிடுவா, அண்ணி?” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

புகார் கொடுத்தோம். அவன் அவளை நெருங்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார். ஆபத்து வந்தால் அழுத்துவதற்கு ஒரு பொத்தானும் கொடுத்தார்கள். அழுத்தினால் போலீஸ் வண்டி வரும். அதற்குள் அவன் போயிருப்பான். வண்டி போனதும் திரும்பி வருவான். வழக்கமாக வரும் காவலர் நல்ல மனிதர். அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

“அவன் இன்னும் ஒண்ணும் பண்ணலையேம்மா. ஏதாவது பண்ணட்டும், அப்புறம் ஆயுசுக்கும் வெளிய வராத மாதிரி உள்ள தள்ளிடுவாங்க.”

“அப்ப தாடைய உடைச்சது?”

“அத குடும்பத் தகராறுன்னு எழுதியிருக்காங்கம்மா.”

அவருக்கு மாத்தே இலைத் தேநீர் கலந்து கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். அவர் சொன்னதையே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏதாவது பண்ண வேண்டும். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.

யனினாவின் முடி செம்பு கலந்த பழுப்பு. தோளைத் தொடும்படி நான்தான் வெட்டிவிடுவேன். கல்யாணத்தன்று ராமிரோ என்னிடம் சொன்னான்: “ஆயிரம் பேரு கூட்டத்துல விட்டாலும் இந்தத் தலைய வெச்சே இவளக் கண்டுபிடிச்சிடுவேன்.” அன்றைக்கு நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அதனால் முதலில் அந்தத் தலையை மாற்றினேன். ஒட்ட வெட்டி, கருப்பு பூசினேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, “யாருக்கா இவ?” என்றாள். அப்புறம் கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஆனால் அது பாதி வேலைதான். தேடுகிறவனிடமிருந்து ஒரு பொருளை ஒளித்து வைத்தால் அவன் தேடுவதை நிறுத்துவதில்லை. கிடைத்தால்தான் நிறுத்துவான்.

சுல்மா ஏப்ரல் கடைசியில் நுனி வெட்டிக்கொள்ள வந்தாள். உலர்பழக் கடையில் அத்திப்பழம் நிறுத்துக் கொடுப்பவள். ஐம்பதைத் தொடப்போகிறாள், நரை ஏறியிருந்தது. வெட்டி முடித்து அவள் தெருவில் இறங்கிப் போகும்போது பின்னாலிருந்து பார்த்தேன். அதே உயரம், அதே ஒல்லி, இடது தோளைச் சற்றுத் தாழ்த்தி நடக்கும் அதே நடை. கண்ணாடிக் கதவு வழியே யனினாவைப் பார்ப்பது போல இருந்தது. கூப்பிட்டு, இலையுதிர்காலத்துக்கு ஏதாவது நிறம் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அடுத்த வாரம் வருவதாகச் சொன்னாள்.

வந்தாள். நல்ல சிரிப்புக்காரி.

“பழுப்புல எதையாவது பூசிவிடு, நெலிடா. ஆனா கொமரி வேஷம் போட்ட கெழவியா ஆக்கிடாத.”

“யாருக்காக இந்த அலங்காரமெல்லாம்?”

“யாருக்காகவா? அத்திப்பழத்துக்குத்தான். எனக்குன்னு வேற யாரு இருக்கா?”

அதை நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். அழுவதற்கு ஆள் இல்லாதவள் என்பது எனக்கு முக்கியமாக இருந்தது. நான் கல்நெஞ்சுக்காரி இல்லை.

நிற அட்டையை விரித்தேன். அவள் கசப்புச் சாக்லேட்டின் மேல் விரலை வைத்தாள். அது கன்னத்தை ஒட்டவைத்துக் காட்டும் என்றேன். வால்நட்டைக் காட்டினாள். அதில் நரை சீக்கிரம் எட்டிப்பார்க்கும் என்றேன். அதில் உண்மை பாதி. கடைசியில், “சரி, நீயே சொல்லு. தலை என்னுது, கண்ணு உன்னுது” என்றாள். செம்பு கலந்த பழுப்பைக் கலந்தேன்.

கழுவும்போது வெந்நீர் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். “என் தலையில ஒரு கை பட்டு எத்தனை காலமாச்சு தெரியுமா?” என்றாள். கண்ணோரம் நீர் வழிந்தது. நான் கொஞ்சம் கூடுதல் நேரம் தேய்த்துவிட்டேன்.

உலர்த்தி, தோள் அளவுக்கு வெட்டி முடித்தபோது கண்ணாடியையே பார்த்தாள். பத்து வயது குறைந்திருந்தாள். யனினாவின் கடுகு மஞ்சள் கோட்டை எடுத்துக் கொடுத்தேன். தங்கைக்குச் சிறிதாகப் போய்விட்டது, வெளியே குளிர்கிறது, போட்டுக்கொண்டு போ என்றேன். என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டாள். முன்கதவு சிக்கிக்கொண்டது என்று சொல்லிப் பக்கவாசலைத் திறந்துவிட்டேன். மே மாதத்தில் சீக்கிரம் இருட்டிவிடும். தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன.

ராமிரோ பின்னாலிருந்து சுட்டான். அவள் தெருவோர வாய்க்காலில் விழுந்தாள். ஓடி வந்து தோளைப் பிடித்துத் திருப்பினான். முகத்தைப் பார்த்தபின் எங்கும் போகவில்லை, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அன்று மட்டும் போலீஸ் வண்டி உடனே வந்தது.

அவனிடம் துப்பாக்கி இருந்தது எனக்குத் தெரியும். யனினா சொல்லியிருந்தாள். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஊரே தூங்கும் நேரத்தில், எதிர்மரத்தடி காலியாக இருந்தபோது, அவளைத் தோழி வீட்டுக்கு அனுப்பியதும் நான்தான். தொலைபேசியைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், ராமிரோவைக் கூப்பிட்டேன். சுல்மாவின் தலையில் சாயம் ஊறவேண்டியிருந்தது. அவள் கையில் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் பேசினேன். “யனினா இன்னிக்கி ஊர விட்டே போறா. இருட்டுற நேரத்துல பக்கவாசல் வழியா கிளம்புவா. மஞ்சக் கோட்டு போட்டிருப்பா. போயி நிதானமாப் பேசு” என்றேன். நிதானமாக என்றுதான் சொன்னேன். அந்த வார்த்தையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சுல்மாவுக்கு நெயூக்கேன் நகரத்தில் ஒரு மகள் இருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏதோ மனத்தாங்கலில் பேச்சு நின்று, அண்மையில்தான் மறுபடி பேச ஆரம்பித்திருந்தார்களாம். அந்தப் பெண் கடைக்கே வந்தாள்.

“அம்மா கடைசியா உங்ககிட்டதான் வந்தாங்கன்னு சொன்னாங்க. எப்படி இருந்தாங்க?”

“சந்தோஷமா இருந்தாங்க. ரொம்ப அழகா.”

“நீங்களே வந்து அவங்க தலைய வாரிவிடுவீங்களா? தெரியாதவங்க தொடறது எனக்குப் பிடிக்கல.”

போனேன். வாய்க்கால் சேற்றை அலசிவிட்டேன். நிறம் மங்கவே இல்லை. வாரி, தோளில் படியவைத்தேன். அஞ்சலி செலுத்த வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், தூங்குகிற மாதிரி இருக்கிறாள், சின்னப் பெண் மாதிரி இருக்கிறாள் என்று.

யனினா வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தன் புருஷன் கையால் யாரோ ஒருத்தி செத்துவிட்டாளே என்று மனசு கேட்காமல் வந்திருக்கிறாள். ஒட்ட வெட்டிய கருப்புத் தலையோடு, கையில் ஒரு கொத்துச் செவ்வந்தியோடு பெட்டியருகே போனாள். குனிந்தாள். உள்ளே தன்னுடைய தலை கிடப்பதைப் பார்த்தாள். பூவை வைக்கவில்லை. நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

வெளியே நடைபாதையில், “என் கோட்டு எங்கக்கா?” என்றாள்.

“யாருக்கோ குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

நான் பெட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் அழவில்லை. “எனக்காகன்னு மட்டும் சொல்லிடாத” என்றாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. உயிரோடு இருக்கிறாள், தெருவில் தனியாக நடக்கிறாள். இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாளாம். சரி.

சுல்மா மேல் எனக்கு ஏதாவது பகை இருந்ததா என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். இல்லை. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. நான்தான் அவளைக் கொன்றேன் என்று நீங்கள் எழுதுவதானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் பிடிவாதமாகக் கசப்புச் சாக்லேட்டையே கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றீர்களே, அதற்கு யோசிக்க ஒன்றுமில்லை. அதையே பூசி, நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இலையுதிர்காலம் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. வேறொருத்தி வந்திருப்பாள்.